குதிரையில் எல்க் வேட்டை: ஜாக்கெட் வாங்கும் முன் விசாவைப் பாருங்கள்

"அக்கா, நான் டென்வர் வந்து ஒரு வருஷம் ஆகிறது, எச்-1பி விசா. அக்டோபரில் வயோமிங் மலைக்குள் குதிரையில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகலாம் என்று மேனேஜர் கூப்பிடுகிறார். கைடு, கேம்ப் எல்லாம் அவரே பேசிவிட்டாராம். ஷூ, ஜாக்கெட் என்னென்ன வாங்கணும் என்று ஒரு லிஸ்ட் கொடுங்களேன்."

தம்பி, ஜாக்கெட் அப்புறம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. அதற்கு உள்ள விலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேனேஜர் நல்ல மனதோடுதான் "வா, சனிக்கிழமை ரேஞ்சில் சுட்டுப் பழகலாம்" என்பார். அவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. லைசென்ஸ் கையில் வருவதற்கு முன் அவருடைய ரைஃபிளை ரேஞ்சில்கூடத் தொடாதீர்கள். இது மத்தியக் குற்றம். விசாவுக்கே உலை வைக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸுக்கு முன்னால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. வயோமிங்கில் 1966-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும், கொலராடோவில் 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும் இது கட்டாயம், ஆகவே உங்களுக்கும் கட்டாயம். கொலராடோவில் வாங்கிய சான்றிதழை வயோமிங் ஏற்றுக்கொள்ளும். நேரடி வகுப்பில் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால், வாங்கும் முன் ஆசிரியரிடம் விசா நிலையைச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் கொலராடோவில் சிறு விலங்கு லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் பயிற்சிக்கு வழி பிறக்கும். விலையும் குறைவு.

எல்க் டேக், அதாவது ஒரு எல்க்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, கதை வேறு. வெளி மாநிலத்தாருக்கு வயோமிங்கில் அது பெரும்பாலும் குலுக்கல்தான், விண்ணப்பமும் வருடத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மேனேஜர் உங்கள் பெயரையும் சேர்த்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள். சேர்க்காவிட்டாலும் சுடாமல் அவர்களோடு போகலாம், பல அவுட்ஃபிட்டர்கள் (வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து தருபவர்கள்) அதற்குக் குறைந்த கட்டணம் வாங்குவார்கள். முதல் தடவைக்கு அதுவே உத்தமம் என்பது என் எண்ணம்.

கைடு எதற்கு என்று கேட்காதீர்கள். வயோமிங்கின் வில்டர்னஸ் (சட்டப்படி பாதுகாக்கப்பட்ட அடர்காடு) பகுதிகளில் வெளி மாநிலத்தார் எல்க் போன்ற பெரிய விலங்கை வேட்டையாட, லைசென்ஸ் பெற்ற கைடோ அதற்கென அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ கூட இருந்தே ஆக வேண்டும். அவுட்ஃபிட்டர் பெயரை வயோமிங் அவுட்ஃபிட்டர்கள் வாரியத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி குதிரை. பலரும் துப்பாக்கிப் பயிற்சியிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, முதல் நாளே மூன்று நான்கு மணி நேரம் சேணத்தில் உட்கார்ந்து, கீழே இறங்க முடியாமல் நிற்கிறார்கள். முட்டியும் உள் தொடையும்தான் முதலில் போகும். டென்வரைச் சுற்றி நிறைய குதிரை லாயங்கள் உண்டு. இப்போதிருந்தே வாரம் ஒரு மணி நேரம் ஏறிப் பழகுங்கள். அங்கவடியை (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) உங்கள் காலுக்குத் தக்கபடி சரி செய்யச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள், பாதி வலி அதிலேயே போய்விடும். உடல் எடையை அவுட்ஃபிட்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் குதிரையைத் தேர்வு செய்வார்.

இடது பக்கமாக ஏறுங்கள், பின்னால் போய் நிற்காதீர்கள். பட்டையான, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் அங்கவடியில் சிக்கும். விழும்போது கால் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் கொஞ்சம் உயர்ந்த, சுலபமாக வெளியே வரும் பூட்ஸ் நல்லது. மேலே உட்கார்ந்தபடி சரசரக்கும் மழைக்கோட்டை உதறிப் போடாதீர்கள், சாதுவான குதிரைகூட மிரளும். ரைஃபிள் சேணத்து உறையில் போகும்போது சேம்பரில் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) தோட்டா இருக்கக் கூடாது. இறங்கியதும் அதை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், துப்பாக்கியோடு குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு நகராதீர்கள்.

சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டாம். பொதி குதிரையின் இரு பக்கமும் சம எடையாகக் கட்ட வேண்டும், அதற்கு மெத்தென்ற துணிப் பைதான் சரி. காட்டன் பனியன், ஜீன்ஸ் நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை வாங்குங்கள். மேலாடையில் ஒன்றாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும், ரைஃபிள் வேட்டைக்கு அது வயோமிங் சட்டம். போகிற இடம் யெல்லோஸ்டோன் பக்கம் என்றால் கிரிஸ்லி கரடி உண்டு. கரடி ஸ்ப்ரே பையின் அடியில் அல்ல, இடுப்பில் இருக்கட்டும். விமானத்தில் போனால் அதை எந்தப் பையிலும் கொண்டு போக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

சாப்பாடு? கேம்பில் பேக்கன், பீஃப் என்றுதான் இருக்கும். மாட்டுக்கறி சாப்பிடாதவர் என்றால் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லுங்கள். எல்லாம் குதிரை முதுகில் போவதால் அங்கே போய் மாற்ற வழியில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்று போடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் தனி. கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம், ரொக்கமாக எடுத்துப் போங்கள்.

"அக்கா, எல்க் கிடைத்தால் அவ்வளவு கறியை என்ன செய்வது?"

நல்ல கேள்வி. பெரிய ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் வரும், எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 100 கிலோ கறி. கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு கறியை விட்டுவிட்டு வந்தால் குற்றம். டென்வர் வரை காரில் கொண்டு வரப் பெரிய கூலர்கள் வேண்டும். கொழுப்பே இல்லாத கறி, அதனால் வறுவலைவிடக் குக்கரில் குழம்புதான் கை கொடுக்கும்; ஆட்டுக்கறியைவிட இரண்டு விசில் கூட வையுங்கள்.

ஒன்று முக்கியம். மான் இனங்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் கொலராடோ, வயோமிங் இரண்டிலும் உண்டு. மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தலையையும் முதுகெலும்பையும் மாநிலம் தாண்டிக் கொண்டு வரத் தடைகள் இருக்கின்றன, ஆகவே கைடிடம் கேட்டு அங்கேயே பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.