கேபிள் ஃபால்ட் தேடிப் போன ராத்திரிகள்: மும்பை மக்களே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்க

தாராவியிலிருந்து, கேபிள் பழுது (ஃபால்ட்) தேடும் வேனில் வேலை பார்ப்பவர்:

"கரண்ட் போய் மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் என்னத்தைத் தேடுறாங்க?" என்று கேட்பவர்களுக்காகவே எழுதுகிறேன். கொலாபாவிலிருந்து சயான் வரைக்கும் மின்சாரம் பெரும்பாலும் தரைக்கடியில்தான் ஓடுகிறது. அண்ணாந்து பார்த்து அறுந்த கம்பியைக் காட்டுகிற வசதி நமக்குக் கிடையாது.

11 கேவி (11,000 வோல்ட்) கேபிளில் ஃபால்ட் வந்துவிட்டால், முதலில் இரண்டு முனையையும் கழற்றி எர்த் பண்ணி, அப்புறம் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கிற மெக்கர் கருவியைப் போடுவோம். கேபிளில் இருக்கிற மூன்று மின்கம்பிகளில் (ஃபேஸ்) எது போயிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கேபிள்கள் வளையமாக (ரிங்) இணைந்திருப்பதால், அடுத்த பக்கத்திலிருந்து சப்ளை திருப்ப முடிந்தால் அதற்குள் திருப்பிவிடுவார்கள். அப்படி நடந்தால் ஃபால்ட் வந்த சங்கதியே தெருவுக்குத் தெரியாது.

அடுத்தது டிடிஆர். கேபிளுக்குள் ஒரு பல்ஸை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து தூரம் சொல்லும் கருவி. எக்ஸ்எல்பிஇ என்கிற பிளாஸ்டிக் இன்சுலேஷன் போட்ட கேபிளில் பல்ஸ் ஒரு மைக்ரோ செகண்டில் சுமார் 160, 170 மீட்டர் ஓடும். 5 மைக்ரோ செகண்டில் திரும்பி வந்தால், போக வர என்று பாதியாக்கி, 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். ஈரம் ஏறி லேசாகக் கசிகிற ஃபால்ட்டாக இருந்தால் இந்தச் சின்ன பல்ஸ் அதைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்விடும். அந்த மாதிரி நேரத்தில் பெரிய வோல்டேஜில் சர்ஜ், அதாவது ஒரே வீச்சில் மின்சாரம், அடித்து, ஃபால்ட்டில் பொறி பறக்கிற அந்தக் கணத்தில் பல்ஸை விட வேண்டும்.

சரி, 410 மீட்டர் என்று வந்துவிட்டது. அது கேபிளோட நீளம், ரோட்டோட நீளம் இல்லை. கேபிள் வளைந்து போகும், ஜாயின்ட் (இரண்டு கேபிளை இணைக்கிற இடம்) பக்கத்தில் சுருட்டி விட்டிருப்பார்கள், சாக்கடைக்கு அடியில் இறங்கி ஏறும். பழைய வரைபடத்தில் நடைபாதையாக இருந்தது இன்றைக்கு நடு ரோடு. அதனால் கடைசி இருபது முப்பது மீட்டரைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

மாட்டுங்கா பக்கம், ஒரு ஜூலை ராத்திரி. வேனிலிருந்து சில நொடிக்கு ஒரு தரம் சர்ஜ் போகிறது. ஃபால்ட் இருக்கிற இடத்தில் மண்ணுக்குள் 'தட்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். தரையில் மைக் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டே போவோம். ரயில் பாதை பக்கத்திலேயே இருப்பதால், கடைசி லோக்கல் போனதிலிருந்து முதல் லோக்கல் வருகிற வரைக்கும்தான் எங்களுக்கு நேரம். மைக் இரண்டு விஷயத்தைப் பிடிக்கும். சர்ஜின் காந்தத் துடிப்பு உடனே வந்துவிடும், சத்தம் மண்ணைத் துளைத்துக்கொண்டு பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எங்கே மிகக் குறைகிறதோ, அதற்கு நேர் கீழேதான் ஃபால்ட்.

ரோட்டோரத்தில் ஒரு இடத்தில் சத்தம் காதைப் பிளந்தது. சூப்பர்வைசர் கடப்பாரையை எடுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் கூட இருந்த வயசான ஜாயின்டர், தூத்துக்குடிக்காரர், மீட்டரைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. "சத்தம் இங்கன வெளிய வருது அண்ணாச்சி, அடிக்கிறது இங்கன இல்ல. இடைவெளி குறையவே இல்லையே" என்றார். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் மைக் வைத்தால் அங்கேயும் அதே சத்தம். கேபிள் ரோட்டைக் கடக்கிற இடத்தில் பைப்புக்குள் போகிறது, ஃபால்ட் பைப்புக்குள்ளே, சத்தம் இரண்டு வாய் வழியாகவும் வெளியே வருகிறது.

மழைக்காலத்தில் நடு ரோட்டைத் தோண்ட மாநகராட்சி லேசில் விடாது. பக்கத்தில் காலியாக இருந்த பைப்பில் புதுத் துண்டை இழுத்து, இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டி ஜாயின்ட் போட்டோம். உருவி எடுத்த பழைய துண்டில், பைப் விளிம்பில் உரசி வெளி உறை கிழிந்திருந்தது. உள்ளே செம்பு நாடா பச்சை பூத்துக் கிடந்தது. அதற்கும் உள்ளே மிளகு அளவுக்குக் கருகிய ஓட்டை. என்றைக்கோ கேபிள் இழுத்த அன்று பட்ட கீறல்தான் அது.

பன்வேலிலிருந்து, டிரான்ஸ்மிஷன் ஆள்:

உங்களுக்குக் காது என்றால் எங்களுக்குக் கால். 220 கேவி லைன் டிரிப் ஆனதுமே (தானாகத் துண்டிக்கப்பட்டதுமே), லைனைக் காக்கிற ரிலே கருவி, ஃபால்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று சொல்லிவிடும். ஃபால்ட் நேரத்து வோல்டேஜையும் கரண்ட்டையும் வைத்து இம்பீடன்ஸை (லைன் காட்டுகிற மின் தடையை) கணக்கிட்டு, அதைத் தூரமாக மாற்றுகிறது. கம்பி நேராக டவரிலேயே உரசினால் கணக்கு நன்றாகவே வரும். மரக்கிளை வழியாகப் போயிருந்தால் கிளையோட தடையும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். 100 கிலோமீட்டர் லைனில் 2 சதவீதம் பிசகினால் 2 கிலோமீட்டர், அதாவது ஆறேழு டவர். காட் மலைப் பக்கம் மழையில், மூடுபனியில், வழுக்குப்பாறையில் ஆறேழு டவர் ஏறி இறங்கிப் பார்த்தால் தெரியும் அந்த 2 சதவீதம்!

இப்போது டிராவலிங் வேவ் முறை வந்திருக்கிறது. ஃபால்ட்டிலிருந்து கிளம்புகிற அலை இரண்டு முனைக்கும் வந்து சேரும் நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தில் குறித்து ஒப்பிடுகிறார்கள். ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினாலும் 150 மீட்டர்தான் தவறும், ஒரு டவர் இடைவெளிகூட இல்லை. அப்புறமும் பைனாகுலரோடு ஒருத்தர் போய்த்தான் ஆக வேண்டும். இன்சுலேட்டர் டிஸ்க்கில் கருகிய கோடு, உடைந்த விளிம்பு, கம்பியில் பளபளக்கிற உருகல் புள்ளி, இவற்றைத்தான் தேடுவோம்.

கழிமுகத்துப் பக்கம் பெருமழையைவிடத் தூறல்தான் வில்லங்கம். உப்பு படிந்த இன்சுலேட்டரைப் பெருமழை கழுவிவிடும், தூறல் நனைத்து மட்டும் வைக்கும். அந்த ஈர உப்பு வழியாகத்தான் மின்சாரம் தாவி ஃப்ளாஷ் அடிக்கும்.

2020 அக்டோபர் 12 அன்று காலையில் மும்பை முழுக்கக் கரண்ட் போய் லோக்கல்கள் நடுவழியில் நின்றதே, அன்றைக்கு ஊரிலிருந்து போன் பண்ணியவர்கள் எல்லாம் "எங்கே கம்பி அறுந்தது?" என்றுதான் கேட்டார்கள். ஒரு கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கிற கதை இல்லை அது. நகரத்துக்கு வருகிற லைன்கள் அடுத்தடுத்து டிரிப் ஆனதால் வந்த வினை.

செம்பூரிலிருந்து, ஒரு குடித்தனக்காரர்:

எனக்கு டெக்னிக்கல் எதுவும் தெரியாது. போன மழைக்காலத்தில் எங்கள் சொசைட்டியில் பாதி வீட்டில் லைட் எரிகிறது, பாதி வீட்டில் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் இருந்த கரண்ட் பெட்டி பக்கம் ஒரு நாய் ஊளையிட்டுக்கொண்டு துள்ளி ஓடியது. வாட்ச்மேன் சிரித்தார். நான் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் போன் போட்டுச் சொன்னேன். வந்தவர்கள் பெட்டிக்குப் பெட்டி ஃப்யூஸ் கழற்றிக்கொண்டே போனார்கள். தாராவி அண்ணன் சொல்கிற மெஷின் எதையும் கொண்டுவரவில்லையே, ஏன்?

தாராவி:

அக்கா, நீங்கள் செய்தது சரி. நாய்க்குச் செருப்பு இல்லை, ஈரத் தரையில் கசிவு இருந்தால் அதற்குத்தான் முதலில் தெரியும். நாய் துள்ளுகிற இடத்தில் கம்பத்தையோ பில்லரையோ (நீங்கள் சொல்கிற கரண்ட் பெட்டி) தொடக்கூடாது, தேங்கிய தண்ணீரில் கால் வைக்கவும் கூடாது.

உங்களுடையது எல்டி கேபிள், அதாவது வீடுகளுக்குப் போகிற குறைந்த வோல்டேஜ் கேபிள். அதில் கட்டிடத்துக்கு ஒரு கிளை பிரியும். ஒவ்வொரு கிளையும் பல்ஸைத் திருப்பி அனுப்பும், திரையில் எது ஃபால்ட், எது கிளை என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும். ஃப்யூஸைக் கழற்றிக் கழற்றி, எந்த இரண்டு பில்லருக்கு நடுவில் என்று சுருக்குவதுதான் வேகம். பாதி வீட்டில் லைட் எரிந்தது, லிஃப்ட் நின்றது என்றால் ஒரு ஃபேஸ்தான் போயிருக்கும், லிஃப்ட்டுக்கு மூன்றும் வேண்டும். பில்லரைத் திறந்தபோது கருகல் வாடை வந்ததா என்று ஞாபகம் இருக்கிறதா?