மறு: ‘கோர்’ தசைகளுக்குத் தமிழ் – ‘நடுக்கட்டு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். முதுகெலும்பைத் தாங்கும் உடல் நடுப்பகுதித் தசைகளை ஆங்கிலத்தில் ‘கோர்’ (core) என்கிறார்கள்; பயிற்சித் துண்டறிக்கைக்காக அதற்கொரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் கீழே.

> ‘மையத்தசை’ என்றே வைத்துக்கொள்வோம். எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் எந்த மையம்? குடியாத்தத்தில் என்னிடம் இடுப்புவலி என்று வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. மையத்தசைக்குப் பயிற்சி என்றால் தொப்புளைத் தொட்டுக் காட்டுகிறார்கள். கூட வந்த பையன் இருந்தால், மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து காட்டுகிறான்! அது பெரும்பாலும் முன்வயிற்று நேர்த்தசையின் வேலை. நாம் பெயர் தேடுவது அதற்கும் ஆழத்தில் இருப்பவற்றுக்கு.

மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், சுற்றிலும் குறுக்கு வயிற்றுத்தசை, பின்னால் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் மல்டிஃபிடஸ். (இதற்கும் தமிழ் வேண்டும், தனி இழையில் பார்ப்போம்.) விலாக்கூட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 5 முள்ளெலும்புகளை விட்டால் வேறு எலும்பே கிடையாது. இந்தத் தசைகள் சேர்ந்து இறுகும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த 5 எலும்புகளும் ஆடாமல் நிற்க அதுவும் ஒரு முட்டு.

ஆக, கூரை, தரை, சுவர் எல்லாம் உள்ள ஓர் அறை இது. பழைய வீடுகளில் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்கிறோமே, அந்த நடுக்கட்டு. ‘நடு’வுக்கு இடை என்ற பொருளும் உண்டு; ‘கட்டு’ இறுக்குவதையும் சொல்லும். நடுக்கட்டுத் தசைகள் என்பது என் பரிந்துரை.

> ‘கச்சைத் தசைகள்’ இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான் அக்கா, எனக்கும் ஆசைதான். ஆனால் கச்சை சுற்றி வருமே தவிர, மேலும் கீழும் மூடாது. குறுக்கு வயிற்றுத்தசைக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடலாம். 1996இல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கையைத் தூக்கச் சொன்னபோது தோள் தசைக்கு முன்பே இந்தத் தசை முடுக்கிக்கொண்டது, இடுப்புவலிக்காரர்களிடம் பிந்தியது. அந்த ஒரு தசைக்கே எல்லாப் பெருமையையும் கொடுப்பதைப் பின்னால் பலர் எதிர்த்தார்கள், அது வேறு கதை. வேலைக்கு முன்னால் கச்சை கட்டுகிற தசைக்குக் கச்சைத் தசை பொருந்தும்.

> போஸ்சர் (posture, உடலை வைத்திருக்கும் நிலை) = தோரணை

இதை ஏற்க முடியவில்லை. தோரணை என்றால் எங்கள் ஊரில் மிடுக்கு. ‘உடலிருப்பு’ என்போம். முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றும் அம்மாவின் இடுப்பில் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது, கழுத்து முன்னால் தொங்குகிறது. இதில் தோரணை எங்கே? ‘நிமிர்ந்து உட்காருங்க’ என்றால் மார்பைத் தள்ளிக்கொண்டு விறைத்துக்கொள்வார்கள், கொஞ்ச நேரத்தில் பழையபடி. அதைவிட ஒரு பலகையைப் போட்டு ஆசனத்தை உயர்த்தி, முறத்துக்கு அடியில் தலையணை வைத்தால் இடுப்பெலும்பு தானே முன்சாய்கிறது, வளைவும் ஓரளவு திரும்புகிறது.

போன வாரம் ஒருவரிடம் ‘நடுக்கட்டை லேசா இறுக்குங்கம்மா’ என்று சொல்லிப் பார்த்தேன். “தும்முறப்போ வவுறு தானா கெட்டியாவுதே, அதயா சொல்றீங்க?” என்றார். அதேதான். மையத்தசைக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

பயிற்சித் துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மல்டிஃபிடஸுக்கு ‘பல்பிளவுத் தசை’ என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், நோயாளி பல் டாக்டரிடம் போய்விடுவார்.