மறு: மறு: ஐந்தாம் நாள் கருவுக்கு என்ன சொல்?

பழங்காநத்தம்:
வணக்கம். குழந்தைப்பேறு மையம் ஒன்றின் ஒப்புதல் படிவம் தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. வியாழனன்று நெறிமுறைக் குழுவுக்குப் போயாக வேண்டும். 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி உறையவைத்த கருவை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிறகு அழியவிட வேண்டும், தம்பதி சம்மதித்தால் ஆய்வுக்குக் கொடுக்கலாம். பலவகைச் செல்லாக மாறவல்ல ஸ்டெம்செல்லுக்குக் 'குருத்தணு' என்று போட்டுவிட்டேன். இடிப்பது பிளாஸ்டோசிஸ்ட் என்ற சொல். அது ஐந்தாம் நாள் கரு, சுமார் 100 செல். உள்ளிருக்கும் செல் திரளை எடுத்துத்தான் குருத்தணு வளர்க்கிறார்கள். எடுத்தபின் மிச்சம் பிழைக்காது. 'கருக்கோளம்' என்று ஒரு சொல் உண்டு. கையெழுத்துப் போடப்போகிற உசிலம்பட்டிப் பெண்ணுக்கு அது புரியுமா?

திருநகர்:
தம்பி, 'குருத்தணு'வைப் போகிற போக்கில் போட்டால் எப்படி? குருத்தெலும்பு படித்த பையன் மூட்டுவலி மருந்து என்று நினைப்பான். ஸ்டெம் என்றால் செடியின் அடிப்பகுதி; அதற்குப் பாவாணர் எத்தனை பெயர் திரட்டித் தந்தார்! நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. உயிரியலாளர் எக்கேல் 1868-ல் ஸ்டெம்செல் என்பதை ஜெர்மனில் ஆண்டபோது நினைத்ததும் உயிரினக் குலமரத்தின் அடியைத்தான். ஆகவே 'அடியணு'.

மேலூர்:
ஐயா, வகுப்பில் 'அடியணு' என்றால் கடைசி பெஞ்சில் அடிதடியே நடக்கும். கேட்ட கேள்வி வேறு. கிரேக்கத்தில் பிளாஸ்டோஸ் முளை, கிஸ்டிஸ் பை. 'முளைப்பை' போதும். இலங்கையில் கருவையே முளையம் என்கிறார்கள். 'கரு' வராததால் கருக்கலைப்பு நினைப்பும் வராது.

ஞானஒளிவுபுரம்:
அதுதான் உறுத்துகிறது, டீச்சர். கருவுற்ற கணம் முதலே மனிதருக்குரிய மதிப்பு என்று எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை 1987-லும் 2008-லும் ஆவணம் வெளியிட்டது. சோதனைக்குழாய் முறையையே அது ஏற்பதில்லை; போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். அப்படிப் போன பெண் 'முளைப்பை'யைப் பார்த்து, பயறு முளைகட்டுகிற துணி போல ஏதோ என்று கையெழுத்துப் போட்டால் அது ஒப்புதலா? பிரிட்டனில் வார்னாக் குழு 1984-ல், ஆய்வுக்கான கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று வரம்பு சொன்ன காலத்தில் 'முன்கரு' என்றொரு சொல் கிளம்பி, வாதத்தில் ஜெயிக்கச் செய்த சொல் என்று ஏச்சு வாங்கியது. நமக்கும் அது வேண்டுமா?

திருவாதவூர்:
எங்கள் ஊர்க்காரரைக் கேட்காமல் முடிவா? போற்றித் திருவகவலில் 'ஒருமதித் தான்றியின் இருமையில் பிழைத்தும்' என்கிறார் மணிவாசகர். முதல் மாதத்தில் தான்றிக்காயளவு கரு, இரண்டாகப் பிளவுபடாமல் தப்பியது என்பது உரை. 14 நாள் வரம்புக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றும் இதுவே: அதுவரை ஒன்று இரண்டாகலாம், ஆகவே இன்னும் தனியாள் இல்லை.

ஞானஒளிவுபுரம்:
அண்ணே, 'பிழைத்தும்' என்றால் பிழைத்தது யார்? உயிர்தானே? பாட்டு என் பக்கம்.

கோரிப்பாளையம்:
கருவில் ரூஹ், அதாவது ஆன்மா, ஊதப்படுவது 120 நாளில் என்பது எங்கள் இஸ்லாமிய அறிஞர் பலரின் கருத்து. 40 என்பாரும் உண்டு. மீந்த கருவில் ஆய்வு கூடும் என்று இசைவோர் அதை வைத்தே பேசுகிறார்கள். எனக்கும் சம்மதமே. அதற்காக 'கரு'வை மறைக்க வேண்டியதில்லை. 'அஞ்சு நாள் கரு'ன்னு எழுதுங்க, யாருக்கும் புரியும்.

திருநகர்:
அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. வேண்டுமானால் 'ஐந்நாட்கரு'. ளகரம் டகரமாகும், நாட்குறிப்பு என்பதில் போல.

மேலூர்:
ஆறாம் நாளில் அந்த நிலைக்கு வருகிற கருவும் உண்டே, ஐயா. அதற்கு ஒரு புணர்ச்சி விதியா? 'முளைப்பை'யைப் படிவத்துக்கு விட்டுத்தருகிறேன். பாடத்துக்கு விடமாட்டேன்.

பழங்காநத்தம்:
புதன் இரவு ஆகிவிட்டது. முதல் இடத்தில் 'ஐந்து, ஆறு நாள் வளர்ந்த கரு (கருக்கோளம்)', பிறகு எங்கும் 'கரு'. நால்வர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். மூலத்தில் 'ஆய்வுக்குப் பயன்படுத்தப்படும்' என்று மட்டும் இருந்தது. 'அப்போது கரு அழியும்' என்று நான் சேர்த்திருக்கிறேன். குழு வெட்டினால் வெட்டட்டும்.

திருநகர்:
'அழியும்' தன்வினை; தானே அழிவதைச் சொல்வது. இங்கே எடுக்கிற கை ஒன்று இருக்கிறது. 'அழிக்கப்படும்' என்று திருத்துங்கள். 'அடியணு'வுக்கு இன்னும் யாரும் ஒழுங்கான மறுப்பு எழுதவில்லை.