பெருமாள்மலையில் அமர்ந்ததும், பளியர் மூதாட்டியோடு காட்டுக்குள் நடந்ததும்

வத்தலக்குண்டிலிருந்து எழுதுகிறேன்.

என் தம்பி இறந்தபின் அழவும் வராமல், எதன்மேலும் மனம் ஒட்டாமல் கிடந்த காலத்தில், எனக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோவில் தங்கினேன். யேசு சபைத் துறவியான அமா சாமி, ஜப்பானின் காமகுராவில் யமாதா கோவுன் ரோஷி என்ற குருவிடம் ஜென் என்னும் பௌத்தத் தியான முறையைப் பயின்று திரும்பி, 1996-இல் தொடங்கிய தியான இல்லம் அது. கிறித்தவத் துறவி ஒருவர் பௌத்தப் பயிற்சியை நம் மலையில் வேர்விடச் செய்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. நான் எந்த மதத்தைச் சேர்ந்தவள் என்று அங்கு எவரும் கேட்கவில்லை.

முதுகை நிமிர்த்தி அமர்ந்து, கண்களை முழுவதும் மூடாமல் பார்வையைத் தாழ்த்தி, மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் தன்னை நொந்துகொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 25 நிமிட அமர்வு, பிறகு மெல்ல அடியெடுத்து நடப்பது, மீண்டும் அமர்வு. இடையே தோட்ட வேலையும் பாத்திரம் கழுவுதலும் உண்டு. முதல் சில அமர்வுகளில் முழங்கால் வலியைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, நான்கு என்று எண்ணும்போது தம்பியின் இருமல் சத்தம் காதில் கேட்டாற்போல் இருந்தது. தொண்டை இறுகியது, மார்பு கனத்தது, எழுந்து ஓடத் தோன்றியது. சுற்றிலும் அத்தனை பேரும் அசையாமல் அமர்ந்திருந்ததால் நானும் அமர்ந்திருந்தேன். அழுகை வந்தது. மணி அடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து நடந்தேன். துக்கத்தை விரட்டாமலும் அதைப் பற்றிப் பேசிப் பேசிக் கரைக்காமலும் அதனோடு இருக்க முடியும் என்று என் உடம்பு அறிந்தது அன்றுதான்.

அங்கிருந்து தாண்டிக்குடிப் பக்கம் உறவினரின் காப்பித் தோட்டத்துக்குச் சென்றேன். பழனி மலைத்தொடரின் சரிவுகளில் தேனும் கிழங்கும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்த பழங்குடியினரான பளியர்களில் பலர் இன்று இத்தகைய தோட்டங்களில் தினக்கூலிகள். அங்கே வேலை செய்த பளியர் பெண்ணின் தாய், கிழங்கு தோண்டப் போகும்போது நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "வா தாயி, சத்தம் போடாம வா" என்றார். கிழங்கை அகழ்ந்தபின் கொடியோடு கூடிய தலைப்பகுதியை வெட்டி அதே குழியில் வைத்து மண்ணை மூடினார். அது மறுபடி முளைத்துக் கிழங்கு விடும். எனக்குக் கற்பிப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை, எப்போதும் அப்படித்தான் செய்வார்.

தம்பியைப் பற்றிச் சொன்னேன். எந்த வயது என்று மட்டும் கேட்டார். பின்பு சற்றுத் தள்ளிப் போய், நான் கண்ணில் படும் தூரத்திலேயே வேலையைத் தொடர்ந்தார். பளியர்கள் சண்டை மூளும் இடத்திலிருந்து விலகிப் போவதை வழக்கமாகக் கொண்டவர்கள் என்று மானிடவியலாளர்கள் பதிந்துள்ளனர். அதேபோல் ஒருவர் மனத்துக்குள் நுழையாமல் ஒதுங்கி நிற்கும் பண்பை அந்த மூதாட்டி என் துக்கத்தின்போது எனக்குக் காட்டினார். தியான மண்டபம் என்னை என் மூச்சோடு சேர்த்தது என்றால், அவர் என்னை மண்ணோடும் மனிதரோடும் சேர்த்தார். ஆனால் மன அமைதி தேடிப் பளியர் குடியிருப்புகளுக்குக் கூட்டமாகப் போவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டிய உரிமையைப் பற்றிப் பேசாமல் அவர்களுடைய அறிவை மட்டும் நாம் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

கோத்தகிரியிலிருந்து ஒரு மறுமொழி:

அக்கா, 1964-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் எங்கள் தாத்தா பாட்டி. பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்நாட்டின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக ஆக்கப்பட்ட பாட்டிக்குப் புத்தர் சிலையைக் கண்டாலே முகம் சுருங்கும். நீலகிரியில் இளமையைக் கழித்த, தமிழ் பௌத்தத்தின் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதர், 1898-இல் அதே இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் என்னும் ஐந்து பௌத்த ஒழுக்கங்களை ஏற்றார் என்று படித்த பிறகே பௌத்தம் நம்முடையதும்தான் என்று எனக்குத் தோன்றியது. மைத்திரி தியானத்தில் எல்லோருடைய நலத்தையும் விரும்பும்போது, பாட்டியை விரட்டியவர்களிடம் வந்து மனம் இன்றும் நின்றுவிடுகிறது. அதை மறைக்காமல் அங்கேயே அமர்ந்திருக்கிறேன்.

இங்குள்ள கோத்தர் பழங்குடியினரின் மரபில் இறந்தவருக்கு இரண்டு ஈமச்சடங்குகள் உண்டு. முதலாவது, இறந்தவுடன் உடலுக்கு. இரண்டாவது, பின்னர் ஊரே கூடி, இசையோடு, நாள் கணக்கில் நடப்பது, அதோடு துக்கம் முறைப்படி நிறைவடையும். ஒருவரின் துக்கம் முடிவதற்கும் ஊரே பொறுப்பேற்கும் அந்த ஏற்பாடு நம்மிடம் மெலிந்துவிட்டது என்பது என் கருத்து.

என் அம்மாவுக்கு மூட்டு வலி. அவர் அந்த மண்டபத்தில் அமர முடியுமா?

வத்தலக்குண்டிலிருந்து:

முடியும், தம்பி. தரையில் அமர இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து இதே பயிற்சியைச் செய்யலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். ஆனால் முதல் முறையே பல நாள் மௌன முகாமில் அம்மாவைச் சேர்க்க வேண்டாம். வீட்டிலேயே தினமும் பத்து நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்கட்டும். ஆழ்ந்த துயரம் இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகு அழைத்து வாருங்கள்.