கெமிக்கல் பிரதர்ஸ்: இசையமைப்பாளர்களா, வெட்டி ஒட்டுபவர்களா?

பழைய கேசட்:
பிரிட்டிஷ் மின்னணு நடன இசை ஜோடியான கெமிக்கல் பிரதர்ஸ் எந்த இசையமைப்பாளருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. டாம் ரோலண்ட்ஸ், எட் சைமன்ஸ் இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும்போது டிஜே வேலை பழகியவர்கள். முதலில் வைத்துக்கொண்ட பெயரே இரவல். அமெரிக்காவில் டஸ்ட் பிரதர்ஸ் என்று ஒரு ஜோடி ஏற்கெனவே இருந்தது; வழக்கு வரும் என்றானதும் 1995-இல் பெயரை மாற்றினார்கள். இவர்களுடைய 'கேல்வனைஸ்' பாட்டின் உயிரே அந்த வயலின் இழுப்புதான். அது மொராக்கோ பாடகி நஜாத் அதாபூவின் பாட்டிலிருந்து எடுத்தது. மேலே ஒலிக்கும் குரல் அமெரிக்க ராப் பாடகர் கியூ-டிப்புடையது. 2006-இல் கிராமி வாங்கியது இவர்கள். பாடுபட்டவர் ஒருவர், பலன் கண்டவர் இன்னொருவர்.

நள்ளிரவுத் தாளம்:
அண்ணே, எடுத்தது சில நொடிதான். அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்த இழுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, நமக்கு இருப்புக்கொள்ளாமல் போகிற நேரத்தில் டிரம்ஸை இறக்குகிறார்கள். ஹெட்போனில் கேட்டால் அந்த இடத்தில் கழுத்து தானாக ஆடும். எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது என்ற அந்தக் கணக்குதான் இசையமைப்பு.

அவர்கள் தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும். 1992-இல் வீட்டு அறையில் ஒரு ஹிட்டாச்சி ஸ்டீரியோ, கணினி, ஒலித்துண்டுகளைப் பதிந்து ஒலிக்கவிடும் சாம்ப்ளர், கீபோர்டு. அவ்வளவுதான். 'சாங் டு த சைரன்' என்று ஒரு இசைத்தட்டு, 500 பிரதி. லண்டன் கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போனால், நிமிடத்துக்கு 111 தாள அடிதான், ஆடுவதற்கு ரொம்ப மெதுவு என்று திருப்பிவிட்டார்கள். டிஜே ஆண்ட்ரூ வெதரால் அதை எடுத்து ஒலிக்கவிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அப்புறம் ப்ராடிஜி, பிரைமல் ஸ்க்ரீம் என்று மற்ற இசைக்குழுக்களின் பாட்டுகளுக்கு ரீமிக்ஸ் வேலைகள் வந்தன. ப்ராடிஜியின் 'வூடூ பீப்பிள்' ரீமிக்ஸை மூலப் பாட்டோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் நடை வேறு.

வீணை மகள்:
இவர்களுடைய 'செட்டிங் சன்' பாட்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? ஒயாசிஸ் குழுவின் நோயல் கேலகர் பாடி, 1996-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டிலிருந்து வெட்டியெடுத்தது என்று அவர்கள் தரப்பு வக்கீல்கள் கிளம்பினார்கள். இசை வல்லுநர் ஒருவரை வைத்து, அதில் ஒரு துண்டுகூட இல்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

பழைய கேசட்:
துண்டு இல்லை, சரி. சாயல் இருக்கிறதே! அதோடு, குரல் வேண்டுமென்றால் எப்போதும் அடுத்தவர் வாசல்தான். நோயல், பெத் ஓர்ட்டன், பெர்னார்ட் சம்னர். இந்தப் பெயர்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

நள்ளிரவுத் தாளம்:
'ஹே பாய் ஹே கேர்ள்' மிஞ்சும். 'பிளாக் ராக்கிங் பீட்ஸ்' மிஞ்சும். அதில் இருப்பது ராப் பாடகர் ஸ்கூலி டியின் ஒரே ஒரு வரி, மற்றதெல்லாம் பேஸும் டிரம்ஸும். அதற்கு ராக் வாத்திய இசைப் பிரிவில் கிராமி கொடுத்தார்கள், அண்ணே. நடன இசைக்காரர்களுக்கு ராக் விருது! 2019-இல் வந்த 'நோ ஜியாகிரபி' ஆல்பத்துக்கு முதல் இரண்டு ஆல்பங்களின் பழைய கருவிகளைத் தூசு தட்டி எடுத்துத்தான் உட்கார்ந்தார்கள். அதற்கும் கிராமி. கால் நூற்றாண்டு கழித்து அதே சாமான்களில் புதுச் சத்தம் பிறந்திருக்கிறது. இதை வெட்டி ஒட்டும் வேலை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழைய கேசட்:
உழைப்பை நான் மறுக்கவில்லை, தம்பி. 'நோ ஜியாகிரபி' கேட்டதில்லை, இன்றிரவு கேட்கிறேன். ஆனால் 'கேல்வனைஸ்' பாட்டுக்கு ஆடிய கூட்டத்தில் நஜாத் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அது எனக்கு உறுத்துகிறது.

வீணை மகள்:
அந்த உறுத்தல் நியாயமானது. எனக்கு அவர் பெயர் தெரிந்ததே 'கேல்வனைஸ்' வழியாகத்தான். அந்த வயலின் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், அவர் பாட்டுகளை ஒரு வாரம் விடாமல் கேட்டேன்.