புதுப்பிப்பு: ஹோம் தியேட்டர் கணினிக்கு ரிமோட் ரிசீவர் – ஃபிளர்க் வாங்கிவிட்டேன்

கோடி (Kodi) என்ற, படமும் பாட்டும் ஓட்டும் மென்பொருள் இயங்கும் வரவேற்பறைக் கணினியை ரிமோட்டால் இயக்க எந்த ரிசீவர் ஏற்றது, விண்டோஸ் மீடியா சென்டர் ரிமோட்டுகளுக்கான பழைய வகையா, ஃபிளர்க் (Flirc) என்ற யூஎஸ்பி ரிசீவரா, டிவி ரிமோட்டின் கட்டளைகளை எச்டிஎம்ஐ கம்பி வழியே அனுப்பும் எச்டிஎம்ஐ-சிஇசியா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவில் ஃபிளர்க்கையே வாங்கினேன்.

சிஇசி வசதி ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் உள்ளேயே இருக்கிறது. சாதாரண கணினிகளின் கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் இல்லாததால், அதற்கெனத் தனி அடாப்டர் வேண்டும். மீடியா சென்டர் ரிசீவருக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே அதை இயக்கும் டிரைவர் உண்டு என்றாலும், வேறு ரிமோட்டைப் பழக்க வேண்டுமானால் எந்தப் பொத்தானுக்கு எந்த விசை என்ற அட்டவணையை நாமே அமைக்க வேண்டியிருக்கலாம். வீட்டில் மற்றவர்களும் தொடும் கணினியில் அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபிளர்க்கோ தன்னைக் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்கிறது. அதன் மென்பொருளில் திரையில் தெரியும் விசையைச் சொடுக்கி, சும்மா கிடந்த செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டில் அதற்கான பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பதிவு ரிசீவருக்குள்ளேயே தங்கிவிடுவதால், இயங்குதளத்தை மாற்றினாலும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை அழுத்தினால் மெனு இரண்டு வரி தாவியது. அதே மென்பொருளில் விசைகளுக்கிடையிலான தாமதத்தைக் கூட்டியதும் அது நின்றது.

உறக்கநிலையிலிருந்து எழுப்ப, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) யூஎஸ்பி வழி விழித்தெழும் அமைப்பை இயக்க வேண்டியிருந்தது. முழுதாக அணைத்த கணினியை ரிமோட்டால் எழுப்புவது, அப்போதும் அந்த யூஎஸ்பி துளைக்கு மதர்போர்டு மின்சாரம் தருகிறதா என்பதைப் பொறுத்தது. என்னுடையது தருவதில்லை, ஆகவே உறக்கநிலையிலேயே விட்டுவிடுகிறேன்.