பனியும் வெந்நீர் ஊற்றும்: மப்ளர் வடிவமைப்புக்கு யோசனை வேண்டும்

பாவூடை:
ஜப்பானின் பனிப் பிரதேசத்தையும் அங்குள்ள வெந்நீர் ஊற்று ஊர்களையும் கருவாக வைத்துக் கம்பளி மப்ளர்கள் சில நெய்ய இருக்கிறேன். வரைந்து பார்த்ததெல்லாம் நினைவுப்பொருள் கடைச் சரக்காகவே வருகிறது: வெந்நீரில் குரங்கு, பின்னால் பூஜி மலை, மேலே ஆறு முனைப் பனித்துகள். வண்ணங்களை எங்கிருந்து எடுப்பது? ஆவியைத் துணியில் காட்ட வழி உண்டா?

தறிமேடை:
முதலில் குரங்கை இறக்கிவிடுங்கள். நாகானோ மாகாணத்து ஜிகோகுதானியில் அவை சுகமாகக் குளிக்கின்றன, குளிக்கட்டும். ஊரார் கழுத்திலெல்லாம் ஏற வேண்டாம்.

பனி என்றதும் கை தானாகத் தூய வெள்ளை நூலுக்குப் போகும். அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். யமகதா மாகாணத்தில் கின்சான் ஒன்சென் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் மூன்று, நான்கு மாடி மர விடுதிகள். தெருவில் எரிவாயு விளக்குகள். பொழுது சாயும் நேரத்தில் அங்கே கூரைப் பனி நீலம் பாரித்துக் கிடக்கும். விளக்கடிப் பனி மட்டும் வெண்ணெய் நிறம். இரண்டுக்கும் நடுவே புகையேறிய மரத்தின் கறுப்பு. மங்கிய நீலத்தைப் பாவாக (நீளவாட்டு இழை) ஓட்டி, சாயமிடாத கம்பளியை ஊடையாக (குறுக்கு இழை) நெய்தால் அந்த நேரம் துணியில் வந்துவிடும். கறுப்பை ஓரத்தில் நாலே இழை வையுங்கள், போதும்.

குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊரின் நடுவே யுபதாகே என்ற ஊற்றுக்களம். ஊற்று நீர் சுடச்சுடப் பாய்ந்து, வரிசையாக அமைத்த மரக்கால்வாய்களில் ஓடி ஆறுகிறது. கால்வாயில் படியும் கந்தகப் படிவின் பச்சை கலந்த மஞ்சளைப் பனியின் பக்கத்தில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். நீளவாட்டில் பட்டைகளாக ஓட்டத் தோதான காட்சி. அக்கிதாவின் சுருநோயுவில் நீர் பால்போல் இருக்கும்; அரிமாவில் இரும்பு கலந்து துருச் சிவப்பு. ஒரு மப்ளருக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றில் திணித்தால் வரைபடம்தான் மிஞ்சும்.

ஆவிக்கு வண்ணமே வேண்டாம். ஒரு முனையில் நெருக்கமாகத் தொடங்கி, போகப்போக ஊடையைத் தட்டாமல் தளர விடுங்கள். தளர்ந்த இடத்தில் இழை நகரும். அங்கே மெல்லிய மொஹேர் நூலை (அங்கோரா ஆட்டு மயிர்) ஊடையாக ஓட்டுங்கள். அதன் மயிர் பாவைப் பற்றிக்கொள்ளும், பார்வைக்கும் புகைமூட்டமாக இருக்கும். அச்சடித்த ஆவிச் சுருள்களை நான் துணியென்றே ஒப்புக்கொள்வதில்லை.

கம்பளிப்பூச்சி:
பனித்துகளை அவ்வளவு சுலபமாகக் கழித்துவிடாதீர்கள். ஜப்பானின் கோகா சிற்றரசுப் பிரபு தோய் தோஷிட்சுரா நுண்ணோக்கியில் பனிப்படிகங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 1832-இல் நூலாக வெளியிட்டார். அந்த உருவங்கள் கிமோனோத் துணிகளில் பரவின. அதற்கும் முந்தியது யுகிவா: முனைகள் இல்லாமல் ஆறு இடத்தில் உள்வாங்கிய வட்டம். கம்பளியில் கூர்முனைகள் எப்படியும் மழுங்கும், யுகிவா பிழைத்துக்கொள்ளும்.

தறிமேடை:
யுகிவா சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றே ஒன்று, அதுவும் முனையில் பாதி வெட்டுப்பட்டு.

பனியையும் துணியையும் சேர்த்துப் பேசும்போது நீகாதா மாகாணத்து ஓஜியா நெசவையும் பார்த்துவிடுங்கள். அங்கே ரேமி என்ற செடியின் நாரில் நெய்த துணியை வெயில் காலும் பனிவெளியில் 10 முதல் 20 நாள் வரை விரித்து வெளுப்பார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. உங்கள் தொகுப்பில் கம்பளி அல்லாத ஒன்றுக்கு இடமிருந்தால் அது வெளுத்த ரேமியாக இருக்கட்டும். கம்பளியை அப்படிப் போட்டுப் பார்க்க வேண்டாம், வெயிலில் மஞ்சளிக்கும்.

பாவூடை:
கின்சானிலிருந்து தொடங்குகிறேன். விளக்கொளிக்கு மெல்லிய வெள்ளி ஜரிகை சேர்க்கலாமா?

தறிமேடை:
அசல் வெள்ளி என்றால் கூடாது. கந்தக ஊற்றுள்ள ஊருக்கு அதைக் கட்டிக்கொண்டு போனால் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடே அதைக் கறுக்க வைத்துவிடும். மஞ்சள் பட்டு இழை இரண்டு போதும், விளக்கு எரியும். அகலத்தை 35 செ.மீ.க்குள் நிறுத்துங்கள், அங்கே குளிப்பவர்கள் கொண்டுபோகும் தெனுகுயி துண்டின் அகலமும் ஏறத்தாழ அதுதான்.